பிஸ்கட் பொடி போட்ட பால்

எங்கள் ஊரில் குண்டுப் பிள்ளை என்று ஒரு பிள்ளை கிடையாது. பன்றி குண்டாக இருக்கலாம், பாதிரியார் குண்டாக இருக்கலாம், பிள்ளை மட்டும் இருக்காது. பிள்ளைக்கென்று செர்பிய மொழியில் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம்: நாப்ரெத்னா. நன்றாக முன்னேறி வந்த குழந்தை என்று பொருள். கன்னம் இரண்டும் கழுத்துவரை வழிந்தாலும் நாப்ரெத்னாதான், மணிக்கட்டில் மடிப்பு விழுந்து கை எது விரல் எது என்று தெரியாமல் போனாலும் நாப்ரெத்னாதான். அந்தச் சொல் முதன்முதலாகத் தன் மகளைப் பற்றிக் காதில் விழுந்தபோது, வெரிட்சா வீட்டுக்கு வந்திருந்த நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழாமல் என்ன செய்வாள்? முப்பத்தேழு வயதில் பெற்றவள். அதற்கு முன்னால் இரண்டு வயிற்றிலேயே கரைந்து போயின. மூன்றாவது, ஏழாம் மாதமே அவசரப்பட்டுக்கொண்டு வெளியே வந்தது. ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராம். பெல்கிரேடு பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஐந்து வாரம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே வெரிட்சா நின்றாள். குறைமாதப் பிள்ளைகள் சில சமயம் மூச்சு விடவே மறந்துவிடும். உடனே இயந்திரம் கத்தும், நர்ஸ் வந்து உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள், பிள்ளைக்கு ஞாபகம் வந்து மறுபடி மூச்சு விடும். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. ஒரு கிராம் ஏறினால் அன்று வெரிட்சாவுக்குச் சோறு இறங்கும், ஏறாவிட்டால் இறங்காது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்த அன்று பிள்ளைக்கு ஜிவானா என்று பெயர் வைத்தார்கள். உயிரோடு இருப்பவள் என்று அர்த்தம். வேறு எந்தப் பெயரும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்பன் பெயர் நேபோய்ஷா. பயப்படாதவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பாவம், அவன் உள்ளூர் பஸ் ஓட்டுகிறவன், மனைவி முகம் சுண்டினாலே பயந்துவிடுவான். வெரிட்சாவோ பயத்தையே தொழிலாக வைத்திருப்பவள். பதினோரு வயதில், நாடு முழுக்கக் கடைகளெல்லாம் காலியாகிக் கிடந்த அந்த வருஷம், ஒரு ரொட்டிக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது ரொட்டி தீர்ந்துபோய்த் திரும்பி வந்த பெண் அவள். அவள் வீட்டு அலமாரியில் எப்போதும் நாலு மாதத்துக்குச் சாப்பாடு இருக்கும். அடுக்கி வைத்த டப்பாக்களைப் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

எங்கள் நாட்டில் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்னே பிஸ்கட் முளைத்துவிடும். பிஸ்கட்டைப் பொடித்துச் சூடான பாலில் கரைத்து, புட்டியின் ரப்பரில் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் குடிக்கக் கொடுப்போம். நாங்களெல்லாம் குடித்து வளர்ந்ததுதான், குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. வெரிட்சாவுக்கோ அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கோலுபாரா ஆற்றங்கரை பிஸ்கட் ஆலையில் அவளுக்கு வேலை. ஓடும் பட்டைக்குப் பக்கத்தில் நின்று உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். உடைந்தது அரைவைக்குப் போகும், பொடியாகித் தூங்கும் குழந்தைப் படம் போட்ட பொட்டலத்தில் ஏறும். ஒன்பது வைட்டமின், இரும்புச்சத்து என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். உள்ளே என்ன கொட்டுகிறார்கள் என்று அவளே கண்ணால் பார்க்கிறாள்: மூட்டை மூட்டையாகச் சர்க்கரை, செங்கல் செங்கல்லாகப் பாமாயில் கொழுப்பு, ஒரு சிட்டிகை போட்டால் கொட்டகையே மணக்கும் வாசனைப் பொடி. பார்த்தும் என்ன? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழிலாளிகளுக்கு ஒரு பை நொறுங்கல் சும்மா கிடைக்கும். மற்றவர்கள் ஒரு பை எடுத்தால், வெரிட்சா, வேண்டாம் என்று விட்டவர்களுடையதையும் சேர்த்து மூன்று பை எடுத்து வருவாள்.

ஜிவானாவுக்கு மூன்று வயது ஆனபோது அவள் சாப்பாடு இதுதான். காலையில் பிஸ்கட் பொடி போட்ட பால், புட்டியில். பத்து மணிக்கு ரோஸ் நிறத் தயிர். மத்தியானம் தொத்திறைச்சி, அதன்மேல் தக்காளி சாஸ். சாயங்காலம் வாயில் வைத்தால் கரையும் மக்காச்சோளப் பொரி, டப்பி ஈரல் பசை தடவிய வெள்ளை ரொட்டி, டப்பா ஜூஸ். தூங்கும் முன் மறுபடி அந்தப் பால். சூப் என்றால் வாயை மூடிக்கொள்வாள், ஆப்பிள் துண்டைக் கையில் கொடுத்தால் கல்லைக் கொடுத்த மாதிரி பார்ப்பாள். மெல்லுவதற்கு அவளுக்குத் தெரியவே தெரியாது. வெரிட்சாவுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. பிள்ளை விழுங்குகிறாள், அவ்வளவு போதும்.

குடும்பப் புனிதரின் திருநாளுக்கு வந்த உறவுக்காரர்கள் ஜிவானாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்ன கனம், என்ன கனம், நாப்ரெத்னா என்றால் இதுவல்லவா என்று கொண்டாடினார்கள். வெரிட்சா கண் பட்டுவிடுமே என்று தரையில் மூன்று தடவை துப்பினாள். உள்ளுக்குள் பூரித்துப்போய் நின்றாள்.

அப்புறம் குறட்டை வந்தது. முதலில் சிரித்தார்கள். அப்பன் பஸ் இன்ஜின் இவளுக்குள் வந்துவிட்டது என்று நேபோய்ஷா கேலி செய்தான். பிறகு பிள்ளை பகலிலும் வாயைத் திறந்துகொண்டே இருக்க ஆரம்பித்தாள். மாடிப்படியில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். நர்சரியில் மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட, இவள் சுவரோரம் நின்று யார் ஜெயித்தார்கள் என்று சொல்லும் வேலை பார்ப்பாள். வெரிட்சாவுக்குக் காரணம் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குறுக்குக்காற்று! இந்த ஜன்னலில் நுழைந்து அந்த ஜன்னலில் வெளியேறும் காற்று. அதில் கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், மூக்கு ஒழுகும், மலட்டுத்தனம்கூட வரும் என்பார்கள். நாங்கள் நாற்பது டிகிரி வெயிலில் பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்து சாகிறவர்கள், காற்றுக்கு மட்டும் பயப்படுவோம்.

அதனால் வெரிட்சா நேராக நர்சரிக்குப் போய்ச் சண்டை போட்டாள். மத்தியானத் தூக்கத்தில் என் பிள்ளையை ஜன்னலோரம் போடுகிறீர்கள், சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது என்று கத்தினாள். இவ்கா டீச்சர் சின்னப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். கட்டிலை மாற்றினாள், ஜன்னலைச் சாத்தினாள். வெரிட்சா மகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, உள்ளே இரண்டு பனியன் என்று போட்டு அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து மறுபடி போய் நின்றாள்.

"அந்த ஜன்னல இன்னும் திறந்துதானே வைக்கிறீங்க? குறட்ட குறையவே இல்ல. ஏழாம் மாசத்துல பொறந்த புள்ள அது, தெரியுமில்ல?"

"ஜன்னல் ஒரு வாரமா சாத்தித்தாம்மா கிடக்கு. மத்த புள்ளைங்கல்லாம் வேர்த்து வழியுதுங்க" என்றாள் இவ்கா. "நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வாங்க. அவ பக்கத்துல உக்காருங்க. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே பாருங்க."

மறுநாள் வேலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெரிட்சா போனாள். திரைச்சீலை இழுத்துவிட்ட அறை. இருபது குட்டிக் கட்டில்கள். பிள்ளைகள் தூங்குகிற அறைக்கு ஒரு வாசனை உண்டு, வெதுவெதுப்பாக. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்து, வெரிட்சா மகளைப் பார்த்தாள். வீட்டிலும் தினம் பார்க்கிறவள்தான். ஆனால் வீட்டில் குறட்டைச் சத்தம் கேட்டால் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள். சத்தத்துக்கு நடுவில் என்ன நடக்கிறதென்று அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஜிவானா மல்லாந்து படுத்திருந்தாள், தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து. குறட்டை ஏறியது, ஏறியது, நின்றது. மார்பு மேலே போக முயன்றது, வயிறு உள்ளே இழுத்தது, காற்று மட்டும் போகவில்லை. வெரிட்சா தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தாள். ஐந்து. ஆறு. பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை புரண்டது. ஒன்பது. பத்து. உதட்டோரம் வெளிறிக்கொண்டு வந்தது. பன்னிரண்டில் பிள்ளை உடம்பே தூக்கிப்போட்டு, பன்றி உறுமுவது போல ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே மறுபடி குறட்டை ஏறியது.

இங்கே கத்துவதற்கு இயந்திரம் இல்லை. இரண்டாம் தடவை நின்றபோது வெரிட்சா எட்டு வரைக்கும்கூட எண்ணவில்லை, போர்வையை விலக்கி மகளின் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். தடித்துப்போன, உப்பிய பாதம். மூச்சு வந்தது. மூன்றாம் தடவையும் சுண்டினாள். நாலாம் தடவையும். ஒன்றேகால் மணி நேரம் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து அவள் எழவில்லை. இவ்கா வந்து தோளில் கை வைத்தபோதுதான் தன் முகமெல்லாம் நனைந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். குளிர்காலத்திலிருந்தே என்றாள் இவ்கா. எழுதியும் அனுப்பியிருக்கிறாள். அந்தக் கடிதம் வந்தது உண்மைதான். பிள்ளையின் எடையைப் பற்றி என்று பார்த்ததும், பொறாமை பிடித்தவர்கள் என்று வெரிட்சா கிழித்துப் போட்டிருந்தாள்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் பெர்சிடா வயதானவர், எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஜிவானாவைத் தராசில் ஏற்றினார். முள் சுற்றி வந்து இருபத்தொன்பது கிலோவில் நின்றது. நாலரை வயதுக்குப் பதினெட்டு இருந்தால் போதும் என்றார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு அமுக்குகிறது, படுத்தால் வழி அடைத்துக்கொள்கிறது. சதையை அறுத்து எடுக்கலாம். ஆனால் இந்த எடையோடு மயக்க மருந்து கொடுக்க அறுவை டாக்டர்கள் யோசிப்பார்கள், கொடுத்தபின் மூச்சு திரும்புமா என்பதே அவர்கள் பயம். எடை இறங்கக்கூட வேண்டாம், ஏறாமல் அப்படியே நின்றால் போதும், உயரம் வளர்ந்து சரிக்கட்டும். ஆறு வாரம் பார்ப்போம் என்றார்.

பயந்தவளுக்குக் கோபம்தான் முதலில் வரும், வெரிட்சாவுக்கும் அதுதான் வந்தது.

"நாப்ரெத்னான்னு சொன்னது யாரு டாக்டரம்மா? நீங்கதானே! ஒவ்வொரு தடவ வந்தப்பவும் எழுதிக் குடுத்தீங்களே. இப்ப வந்து என் புள்ளய நானே கொல்றேங்கறீங்க."

டாக்டர் பிள்ளையின் அட்டையை எடுத்துப் புரட்டினார். ஒன்பதாம் மாதம், ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது. நாலு இடத்திலும் அவர் கையெழுத்தில் அந்த ஒரே சொல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எழுதினது நான்தான். கூடத்துல முப்பது புள்ளைங்க காத்துக் கிடக்கும், கொழுக்மொழுக்குனு ஒண்ணு வந்தா சந்தோஷமா இருக்கும், கை தன்னால எழுதிடும். என்மேல கோவப்படு, தப்பே இல்ல. ஆனா அந்தப் பொடிய இன்னைக்கே நிறுத்திடும்மா."

இன்றைக்கே நிறுத்து என்று சொல்வது டாக்டருக்குச் சுலபம். சனிக்கிழமை காலையில் ஜிவானா புட்டியைக் கேட்டாள், இல்லை என்றார்கள். அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். பீன்ஸ் சூப்பைக் கவிழ்த்தாள். அவித்த முட்டையை சோபாவுக்குப் பின்னால் எறிந்தாள். நீ கெட்ட அம்மா, டீச்சர்தான் நல்லவங்க என்றாள். சாயங்காலம் வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்தக்கூட மாட்டாமல் சுருண்டு படுத்துவிட்டாள். வெரிட்சாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சாப்பிடாத பிள்ளை அவள் கண்ணுக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராமாகத்தான் தெரிந்தாள். ஒரு மணிநேரம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் போய்ப் பாலைச் சுடவைத்து, டப்பாவிலிருந்து நாலு கரண்டிப் பொடியை அள்ளிக் கரைத்தாள். கரண்டி குவளையில் மோதும் சத்தம் கேட்டு நேபோய்ஷா சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு நாளாச்சு, ஒரு வாய் சாப்பிடல" என்றாள் வெரிட்சா, அவன் கேட்பதற்கு முன்னால். "செத்துப்போயிடுவா."

"வியாழக்கிழம மூச்சு நின்னு செத்துப்போயிடுவான்னு அழுத. இப்ப சாப்பிடாம செத்துப்போயிடுவாங்கற. எதுன்னு ஒண்ணச் சொல்லு, அதுக்கு நானும் பயப்படுறேன். ரெண்டுக்கும் சேத்துப் பயப்பட என்னால ஆகல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்தது. நேபோய்ஷா குவளையை அவள் கையிலிருந்து வாங்கி, நின்ற இடத்திலேயே மடமடவென்று குடித்து முடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு, என்ன கண்றாவி இனிப்பு இது, இதையா பிள்ளைக்குக் கொடுத்தோம் என்றான். அலமாரியிலிருந்த பொடியையும் பொரியையும் ஜூஸையும் மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். காலியான அலமாரித் தட்டுகளைப் பார்த்து அன்று பூராவும் வெரிட்சாவுக்குக் கை கால் ஓடவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நர்சரியில், மற்றப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிவானா ஒரு ரொட்டித்துண்டை பீன்ஸ் சூப்பில் முக்கிச் சப்பினாள் என்று இவ்கா போன் செய்து சொன்னாள். புதன்கிழமை மூன்று கரண்டி. அடுத்த வாரம் அரைத் தட்டு. அவ்வளவு பெரிய வெற்றிக்கு வெரிட்சா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எங்கே! அவள் பயம் வீட்டை விட்டுப் போகவில்லை, இடம் மட்டும் மாற்றிக்கொண்டது. கடைக்குப் போய் ஒரு தராசு வாங்கி வந்தாள். தினம் காலையில் பல் விளக்குவதற்கு முன் ஜிவானா அதில் ஏற வேண்டும். வெரிட்சா தரையில் மண்டிபோட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முள்ளைப் பார்ப்பாள். பிள்ளை முள்ளைப் பார்க்காது, அம்மா முகத்தைப் பார்க்கும். ஏறாமல் நின்றால் அம்மா கட்டிக்கொள்வாள். ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய்வந்த மறுநாள் நானூறு கிராம் ஏறியிருந்தது. வெரிட்சா குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். நீ மூச்சு முட்டிச் செத்துப்போனா நான் என்ன பண்ணுவேன் ராசா என்று வாய்விட்டே சொல்லி அழுதாள். பெண்பிள்ளையை மகனே, ராசா என்று கொஞ்சுவது எங்கள் வழக்கம். ஜிவானா தராசிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றாள்.

தெருவில் பார்த்தவர்கள் வேறு சும்மா இருக்கவில்லை. பிள்ளை வாடிப்போயிட்டாளே, ஏதும் சீக்கா, ஆலையில் சம்பளம் வருகிறதா இல்லையா என்று கேட்டார்கள். ஆறு வாரத்துக்கு முன் இவர்கள்தான் கன்னத்தைக் கிள்ளிக் கொண்டாடியவர்கள். வெரிட்சா வெள்ளிக்கிழமை நொறுங்கல் பையை வாங்க வரிசையில் நிற்கவில்லை. ஏண்டி, உனக்கென்ன பிஸ்கட் கசக்குதா என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள்.

ஆறு வாரம் முடிந்த அன்று காலையில், ஜிவானாவை மெல்லிய சட்டையோடு வெரிட்சா சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கனமான காலணியைக் கழற்றச் சொல்லி, சட்டைப்பையிலிருந்த பொம்மையையும் வாங்கி வைத்துக்கொண்டாள். கூடம் நிறையத் தாய்மார்களும் பிள்ளைகளும். கதவு திறந்தே இருந்தது. டாக்டர் பெர்சிடா, வா கண்ணு, ஏறு என்றார். ஜிவானா ஏறினாள். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள், கன்னம் இரண்டும் உப்பியது.

முள் ஆடியது. டாக்டர் குனிந்தார், வெரிட்சாவும் குனிந்தாள். முள் இன்னும் நிற்கவில்லை. வெரிட்சாவுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மார்பு அசையவில்லை. உதட்டோரம் வெளிற ஆரம்பித்திருந்தது. பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்தாள், நின்றுகொண்டுதான் இருந்தாள், மூச்சு மட்டும் விடவில்லை.

"மூச்சு விடு" என்றாள் வெரிட்சா. பிள்ளை தலையை ஆட்டியது, வேண்டாம் என்று. "ஜிவானா, மூச்சு விடுடா. விடு!" தோளைப் பிடித்து உலுக்கினாள். கூடத்தில் தாய்மார்களெல்லாம் வாசலைப் பார்த்தார்கள்.

பிள்ளை தாங்கமாட்டாமல் ஒரு நொடி வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். கண்ணில் நீர் தளும்ப, அம்மா முகத்தையே பார்த்தாள்.

"விட்டா முள்ளு ஏறிடும்மா" என்றாள். "நீ அழுவ."

திரும்பவும் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

வெரிட்சா அவளைத் தராசிலிருந்து அப்படியே வாரித் தூக்கினாள். டாக்டர் எதையும் எழுதாமல் அட்டையை மூடினார், எழுந்துபோய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார். மகளின் மூச்சு தன் கழுத்தில் சூடாகப் படும்வரை, பட்ட பிறகும், வெரிட்சா அவளைக் கீழே விடவில்லை.